பெரிய குடும்பம் முதலில்

அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: விடை தெரியாத ஒரு கேள்வி.

பரீட்சைப் புள்ளிகள் வேண்டாம், சான்றிதழ்கள் வேண்டாம், உளவியலாளரிடம் போய் எடுத்த நுண்ணறிவுச் சோதனையின் முடிவும் வேண்டாம் என்று பிரிங்க்ஹோஃப் ஆசிரியர் முதலிலேயே சொல்லிவிட்டார். ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் மீத்திறன் மாணவர் திட்டத்துக்கு அவர்தான் பொறுப்பு. பத்தாம் வகுப்பில் ஒரேயொரு பிள்ளை, வியாழக்கிழமைதோறும் வகுப்புக்கு வராமல் பான் நகரத்துக்கு ரயிலேறிப் போய், அங்கே கணித ஆய்வாளர்களோடு பகல் முழுவதும் இருக்கலாம். அந்த ஒரு பிள்ளையை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் ஆசிரியர்களுக்குள் இழுபறி.

துணைத் தலைமையாசிரியை க்ரேமர் மாநிலப் பாடத்திட்டத்துக்குக் காவல் இருப்பவர். பத்தாம் வகுப்பை முடிக்கும் பிள்ளைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று அரசாங்கம் வரையறுத்திருக்கிறதோ, அதில் ஒரு வரி குறைந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது. வாரத்தில் ஒரு நாள் வெளியே விடுவதென்றால் மற்ற எல்லோரையும்விட அதிகம் தெரிந்த பிள்ளையைத்தான் விடவேண்டும் என்றார் அவர். அதிகம் தெரிந்த பிள்ளைகளுக்கு இங்கே பஞ்சமில்லை, தெரியாத ஒன்றோடு பொறுமையாக இருக்கக்கூடிய பிள்ளைதான் தேவை என்றார் பிரிங்க்ஹோஃப். கடைசியில் பிரிங்க்ஹோஃப் சொன்னது நடந்தது. ஆனால் குழுவில் பானிலிருந்து வரும் ஒருவரோடு க்ரேமரும் இருப்பார், விதியும் அவர் எழுதியதாகவே இருக்கும். பிள்ளை பத்து நிமிடம் பேசலாம். பேசத் தொடங்குமுன் குழு ஒரு கேள்வி கேட்கும்: இந்தக் கேள்விக்கு விடை உனக்குத் தெரியுமா? தெரியும் என்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

பத்தாம் வகுப்பில் படிக்கும் ஆதிரைக்கு அந்த விதி, தனக்கென்றே தைத்துக் கொடுத்த சட்டைபோல இருந்தது.

அவள் ஒருமுறை பானில் அந்தக் கணித ஆய்வு நிறுவகம் பொதுமக்களுக்குத் திறந்திருந்த நாளில் போயிருக்கிறாள். அங்கே ஓர் அறையில் தலை நரைத்த இருவர் கரும்பலகைக்கு முன்னால் சுண்ணக்கட்டியோடு நின்றுகொண்டிருந்தார்கள். இருவரும் பேசவில்லை, எழுதவுமில்லை. பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் நெளிந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் திரும்பி, இதற்கு என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை என்று சொல்லிச் சிரித்தார். வெட்கப்பட்டுச் சிரித்த சிரிப்பு அல்ல. நல்ல சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்தவரின் சிரிப்பு. அந்த முகத்தை ஆதிரையால் மறக்க முடியவில்லை. அவளுடைய வீட்டில், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில், ஏன், வகுப்பிலும்கூட, தெரியாது என்பது ஒழுகும் குழாய் மாதிரி. உடனே யாராவது ஓடி வந்து அதை அடைத்துவிடுவார்கள்.

கேள்வியும் அவளிடம் தயாராக இருந்தது. போன கோடையில் ஒரு கலியாண மண்டபத்தில், காலில் செருப்புக் கடிக்க நின்றபோது பிறந்த கேள்வி அது. மணமக்களோடு மேடையில் படம் எடுப்பதற்கு ஒவ்வொரு குடும்பமும் வரிசையில் நிற்கும். மேடை ஏறி, அன்பளிப்பு உறையைக் கொடுத்து, இடம் பிடித்து, சேலையைச் சரிசெய்து, சிரித்து இறங்குவதற்குள் பின்னால் நிற்கும் குழந்தைகள் அழத் தொடங்கிவிடும். எந்த ஒழுங்கில் குடும்பங்களைக் கூப்பிட்டால் எல்லோருடைய காத்திருப்பும் சேர்ந்து மிகக் குறைவாக இருக்கும்? அவள் வாரக்கணக்கில் அதோடு அலைந்தாள். சிறு குடும்பங்கள் முதலில் போகட்டும் என்று ஒரு நாள் தோன்றும், அடுத்த நாள் அது பிழை என்று தோன்றும். பேருந்தில், பல் தீட்டும்போது, வேதியியல் வகுப்பில், எங்கும் அந்த வரிசை அவளுக்குள் நின்றுகொண்டிருந்தது. அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாட்கள் குறைவு.

கேள்வியின் தலைப்பைப் பள்ளிக்கூடத்தில் பதிந்துவிட்டு வந்த மாலை, சாப்பாட்டு மேசையில் அதை அப்பாவுக்குச் சொன்னாள். அதுதான் அவள் செய்த பிழை.

தியாகராசா ட்ராம் ஓட்டுபவர். மகள் ஒரு தேர்வுக்கு விடை இல்லாமல் போகிறாள் என்பது அவருக்குக் குடை இல்லாமல் மழைக்குள் போவது மாதிரி. கையைக் கழுவிவிட்டு வந்து, ஊர்ச்சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் மகளின் கேள்வியை முழுவதுமாக எழுதிப் போட்டார். தெரிந்தவர்கள் உதவவும் என்று கீழே ஒரு கும்பிடும் போட்டார்.

அதற்குப் பிறகு அந்தக் குழுவில் பிறந்தநாள் வாழ்த்துக்குக்கூட இடம் கிடைக்கவில்லை. கனடாவிலிருந்து ஒரு கணக்காளர் அட்டவணை அனுப்பினார். பாரிஸில் இருக்கும் ஒருவர், படம் எடுப்பதையே நிறுத்தினால் பிரச்சினை தீரும் என்று எழுதி எல்லோரிடமும் பேச்சு வாங்கினார். வியாழக்கிழமை வேலை முடிந்து வந்த தியாகராசா, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ஆதிரையின் அறைக்குள் வந்து தொலைபேசியை நீட்டினார். அவருடைய தம்பிமுறையான நிருஜன் வால்டோர்ஃபில் மென்பொருள் பொறியாளர். அவனோடு வேலை செய்யும் அனந்தராமன் என்ற சென்னைக்காரர், மதிய இடைவேளையில் கேள்வியைக் கேட்டுவிட்டுக் குரல் செய்தி அனுப்பியிருந்தார்.

"அங்கிள், நைஸ் ப்ராப்ளம். ஆக்சுவலா ரொம்ப சிம்பிள். ஃபேமிலியை கவுண்ட் பண்ணாதீங்க, ஆளை கவுண்ட் பண்ணுங்க. பெரிய ஃபேமிலியோ சின்ன ஃபேமிலியோ, ஏறி இறங்க கிட்டத்தட்ட ஒரே டைம்தான் ஆகுது. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஃபேமிலியை எடுத்துக்கோங்க. ரெண்டு பேருக்காக பத்து பேர் வெயிட் பண்றதை விட, பத்து பேருக்காக ரெண்டு பேர் வெயிட் பண்றது பெட்டர் இல்லையா? இப்படியே மாத்திட்டே போனா பெரிய ஃபேமிலி ஃபர்ஸ்ட் வந்துடும். டாட்டருக்கு ஆல் த பெஸ்ட் சொல்லுங்க."

ஆதிரை இரண்டாம் முறை கேட்டாள். ஓட்டை எதுவும் இல்லை. அவள் இவ்வளவு நாளும் குடும்பங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். அனந்தராமன் தலைகளை எண்ணியிருக்கிறார். அவளுக்குள் நின்ற வரிசை சட்டென்று கலைந்து, எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

"பாத்தியா பிள்ளை, விடை வந்திட்டுது" என்றார் அப்பா.

"விடை வந்தா நான் போகேலாது, அப்பா."

"விடையோட வாற பிள்ளையை எந்த வாத்தியார் திருப்பி அனுப்புவார்?"

"இவை அனுப்புவினம். முதல் கேக்கிறதே விடை தெரியுமா எண்டுதான்."

தியாகராசா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். ஒருவர் கேட்கும்போது தெரியாது என்று சொன்னால்தான் உள்ளே விடுவார்கள் என்ற இடம் உலகத்தில் இருக்கும் என்று அவர் நினைத்தே பார்த்ததில்லை. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மா பிரபாலினி, தெரியாது என்றே சொல்லிவிடு, பானில் இருக்கிறவைக்கு ஊர்ச்சங்கத்தின் குழுவைத் தெரியவா போகிறது என்றாள். ஆதிரை தலையை ஆட்டி மறுத்தாள். பொய் சொல்வதற்குப் பயந்து அல்ல. தெரிந்த ஒன்றைப் பத்து நிமிடம் தெரியாததுபோல நடிப்பது, வகுப்பில் ஒவ்வொரு நாளும் செய்வதுதானே. அதிலிருந்து தப்புவதற்குத்தான் அவள் பானுக்குப் போக நினைத்தாள்.

திங்கட்கிழமை தேர்வு. வெள்ளிக்கிழமை முழுக்க அவள் வேறு கேள்வி தேடினாள். தேடிப்போனால் கேள்வி வருவதில்லை. பூனை மாதிரி, கூப்பிட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது.

சனிக்கிழமை லக்ஸனின் கலியாணம். லக்ஸனின் தகப்பனும் தியாகராசாவும் அகதி முகாமில் ஒரே அறையில் இருந்தவர்கள். மணக்கப்போகும் பொம்பிளை அன்ரனிற்றா. காலையில் தேவாலயத்தில் தாலி கட்டி முடிந்து, பின்னேரம் வரவேற்பு. கார் ரயர்க் கடைக்கும் தளபாடக் கடைக்கும் நடுவில் இருந்த பெரிய மண்டபம். ஆதிரை வரமாட்டேன் என்று சொல்லிப் பார்த்தாள். நடக்கவில்லை.

மண்டபத்துக்குள் போனதும்தான் அப்பா செய்திருந்த ஏற்பாடு அவளுக்குத் தெரிந்தது. படமெடுக்கும் வரிசையைக் கவனிக்கும் பொறுப்பை அவர் தானாகவே கேட்டு வாங்கியிருந்தார். ட்ராமில் கதவு திறந்து மூடி ஆட்களை இறக்கி ஏற்றிப் பழகின மனுசன் என்று லக்ஸனின் தகப்பனும் சம்மதித்துவிட்டார். மகளின் முகம் இரண்டு நாளாகச் சரியில்லை. அவளுடைய கணக்கு வீணாகப் போகவில்லை என்று அவளுக்குக் காட்டவேண்டும் என்பது அவருடைய எண்ணம். ஒலிவாங்கியைப் பிடித்தார். அன்பான உறவுகளே, இன்றைக்கு ஒரு புதிய ஒழுங்கு, கணக்குப்படி நிரூபிக்கப்பட்டது, பெரிய குடும்பம் முதலில் என்று அறிவித்தார்.

முதல் நான்கைந்து குடும்பங்கள்வரை அனந்தராமன் சொன்னபடியே நடந்தது. பெரிய பெரிய கூட்டமாக ஏறி இறங்கினார்கள். வரிசை கண்முன்னே மெலிந்தது. அப்பா ஆதிரையைத் திரும்பிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

கமலாம்பிகை மாமி அப்போதுதான் வந்தாள். தியாகராசாவின் தமக்கை. மாமியும் மாமாவும் மட்டும்தான், பிள்ளைகள் லண்டனில். இரண்டே பேர் என்பதால் தம்பிக்காரன் அவளைக் கடைசியில் போய் நிற்கச் சொன்னார். மாமி வரிசையின் நுனியிலிருந்து அடிவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு நேரே நடந்து வூப்பெர்டாலிலிருந்து வந்திருந்த ஆறு பேரிடம் போனாள்.

"அக்கா, நீங்கள் ரெண்டு பேர்தானே" என்றார் தியாகராசா.

"ஆர் சொன்னது? இவை எங்கட அவற்ற தங்கச்சியின்ர புருசன்ர ஆக்கள். சொந்தத்தைப் பிரிச்சு விடாதை, தம்பி."

ஆறு பேர் எட்டுப் பேரானார்கள். அவர்களுக்கு முன்னால் நின்ற ஏழு பேர் பின்னுக்குப் போனார்கள். பின்னுக்குப் போனவர்கள் சும்மா நிற்பார்களா? டோர்ட்முண்டிலிருந்து வந்த மச்சானைக் கூப்பிட்டார்கள். மச்சான் தன்னுடைய பக்கத்துவீட்டுக்காரரையும் கொண்டு வந்தான். ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் குடும்பமானார்கள். ஒரே விமானத்தில் வந்தவர்கள் குடும்பமானார்கள். வருடக்கணக்காகப் பேசாமல் இருந்த இரண்டு சகோதரர்கள், வேறு வழியில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். கடைசியில் ஊர்ச்சங்கத்தின் தலைவர் எழுந்து, அப்படிப் பார்த்தால் நாங்கள் எல்லாரும் ஒரே ஊர், ஒரே குடும்பம் என்று சொல்லி, பாதி மண்டபத்தையும் மேடையில் ஏற்றிவிட்டார்.

படப்பிடிப்பாளர் வசந்த்குமார் பின்னால் போனார், இன்னும் பின்னால் போனார், சாப்பாட்டு மேசையில் முட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணை, பொம்பிளையைக் காணேல்லை" என்றார் அமைதியாக.

பொம்பிளை யாரோ ஒருவரின் கோட்டுக்குப் பின்னால் இருந்தாள். அவளைத் தோண்டி எடுத்து, குட்டையானவர்களை முன்னுக்கு விட்டு, ஒருவழியாகப் படம் எடுத்து முடித்தால், யாரும் இறங்கவில்லை. ஊரோடு எடுத்த படத்தைச் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்ட முடியுமா? இனி நாங்கள் மட்டும் என்று ஒவ்வொரு குடும்பமும் மேடையிலேயே தனித்தனியாக நின்றது. பழைய வரிசையைவிட நீளமான வரிசை மேடைக்கு மேலேயே உருவானது. கேக் வெட்டாமல் கிடந்தது. தியாகராசா ஒலிவாங்கியை வைத்துவிட்டுத் துவாயால் கழுத்தைத் துடைத்தார்.

ஆதிரை ஒரு கையில் ரோல்ஸ் பலகாரத்தோடு அசையாமல் நின்றாள்.

அனந்தராமனின் நிரூபணத்தில் பிழை இல்லை. ஆனால் அதில் நிற்கும் மனிதர்கள் நிறுத்திய இடத்தில் நிற்கிறார்கள். இங்கே நிற்பவர்களின் காதில் விதி விழுந்துவிட்டது. காதில் விழுந்தவுடன் குடும்பம் என்பதே வேறு ஒன்றாகிவிட்டது. அப்படியென்றால், எல்லோருக்கும் தெரிந்த பிறகும் கெட்டுப்போகாமல் இருக்கிற விதி எது? அப்படி ஒன்று இருக்குமா? அவளுக்குள் நின்று வீட்டுக்குப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள், இந்தமுறை ஒருவரும் வரிசையில் இல்லை.

மாமி மேடையிலிருந்து வெற்றியோடு இறங்கி வந்தாள். ஆதிரை அவளைப் பிடித்து ஒரு கதிரையில் இருத்தினாள்.

"மாமி, சின்னக் குடும்பம் முதலில எண்டு அப்பா சொல்லியிருந்தா என்ன செய்திருப்பியள்?"

"நான் தனிய வந்து நிண்டிருப்பன். அவர் கார் விடப் போயிட்டார் எண்டு சொல்லியிருப்பன்."

"வயசு கூடின ஆக்கள் முதலில எண்டா?"

"பெரியம்மாவை வீட்டில விட்டிட்டு வந்திருப்பனோ? சக்கர நாற்காலியோட கொண்டந்து முன்னுக்கு விட்டிருப்பன்."

"சீட்டுக் குலுக்கினா?"

மாமி யோசித்தாள். "ஆளுக்கு எத்தினை சீட்டுத் தருவியள்?"

ஆதிரை வாய்விட்டுச் சிரித்தாள். இவ்வளவு நாளும் கேட்க வேண்டிய ஆளைக் கேட்காமல் விட்டுவிட்டாள். மாமி, இவளுக்கு என்ன நடந்தது என்பதுபோலப் பார்த்துவிட்டு, கேக் எப்போது வெட்டுவார்கள் என்று கேட்டாள்.

திங்கட்கிழமை தேர்வுக்கு மூன்று பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஆதிரைதான் கடைசி. அவளுக்கு முன் போன பையன் உள்ளே போன வேகத்திலேயே திரும்பி வந்தான். விடை தெரியுமா என்று கேட்டபோது, பழக்கத்தில் தெரியும் என்று சொல்லிவிட்டானாம்.

அறையில் பிரிங்க்ஹோஃபும் க்ரேமரும் இருந்தார்கள். நடுவில் பானிலிருந்து வந்திருந்த பேராசிரியை ஹெல்விக், குட்டையான முடியும் மழைச் சட்டையுமாக. ரயிலிலிருந்து நேரே வந்திருப்பார் போல.

பதிந்திருந்த தலைப்பைப் படித்துவிட்டு, இந்தக் கேள்விக்கு விடை தெரியுமா என்று கேட்டார் பிரிங்க்ஹோஃப்.

"தெரியும். வியாழக்கிழமையிலிருந்து" என்றாள் ஆதிரை.

பிரிங்க்ஹோஃபின் முகம் தொங்கிப்போனது. க்ரேமர் பேனையை மூடினார். விதி விதிதான், வந்ததற்கு நன்றி என்றார், கடுமையில்லாமல்.

ஆதிரை எழுந்திருக்கவில்லை. "விடை சரி. அதைச் சனிக்கிழமை ஒரு கலியாணத்தில் செய்து பார்த்தோம். விடை சரியாக இருந்தும் எல்லாம் பிழையாகிவிட்டது. ஏன் பிழையானது என்று எனக்குத் தெரியும். எதைச் செய்தால் பிழையாகாது என்பது தெரியாது. அதைச் சொல்ல எனக்குப் பத்து நிமிடம் இருக்கிறது என்று நினைக்கிறேன்."

ஹெல்விக் மழைச் சட்டையைக் கழற்றிக் கதிரையில் போட்டார். கலியாணம் என்றால் நான் கேட்கிறேன் என்றார்.

அவள் பலகைக்குப் போனாள். முதலில் அனந்தராமனின் நிரூபணத்தை அவர் பெயரைச் சொல்லியே எழுதினாள். பிறகு பக்கத்தில் மாமியை ஒரு புள்ளியாகப் போட்டாள். வூப்பெர்டால் ஆறு புள்ளி, டோர்ட்முண்ட் மச்சான், பக்கத்துவீட்டுக்காரர், ஊர்ச்சங்கம். ஒவ்வொரு விதியாகச் சொன்னாள், ஒவ்வொன்றையும் மாமி எப்படி உடைப்பாள் என்று காட்டினாள். சக்கர நாற்காலி வந்தபோது பிரிங்க்ஹோஃப் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆதிரை சிரிக்கவில்லை. விதியைச் செய்பவர் முதலில் சொல்கிறார், மற்றவர்கள் கேட்டபிறகு அசைகிறார்கள், ஆகவே விதியைச் செய்பவர் எப்போதும் ஓர் அடி பின்னால் நிற்கிறார் என்றாள். அந்த ஓர் அடியை இல்லாமல் செய்கிற விதி இருக்கிறதா, இல்லையென்றால் இல்லை என்று நிரூபிக்க முடியுமா. இரண்டில் எது என்றுகூடத் தனக்குத் தெரியாது என்றாள்.

முதலில் பேசியது க்ரேமர்தான்.

"உன் மாமி ஏமாற்றினாள் என்று எப்படிச் சொல்வாய்? அந்த ஆறு பேரும் உண்மையிலேயே சொந்தம் என்றால்?"

ஆதிரை பலகையைப் பார்த்தாள். அப்படி அவள் யோசித்திருக்கவில்லை. "சொல்ல முடியாது" என்றாள். "வரிசையைக் கவனிக்கிறவருக்கு அது தெரியப்போவதில்லை. அதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்." சுண்ணக்கட்டியால் ஆறு புள்ளிகளையும் சுற்றி ஒரு கோடு போட்டு, அதன்மேல் கேள்விக்குறி வைத்தாள்.

க்ரேமர் அந்தக் கேள்விக்குறியையே பார்த்துக்கொண்டிருந்தார். எதற்குப் பரீட்சைப் புள்ளி என்று பாடத்திட்டத்தில் எழுதியவுடன் பிள்ளைகள் மாறிவிடுகிறார்கள், வாசிப்புக்குப் புள்ளி போட்டால் ஒரே வாரத்தில் எல்லோரும் மெல்லிய புத்தகமாகத் தேடுகிறார்கள் என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பேனையைத் திரும்பவும் திறந்திருந்தார்.

ஹெல்விக் முன்னுக்குச் சாய்ந்தார். "இதைப்பற்றி நிறையப் பேர் வேலை செய்திருக்கிறார்கள். உன் கேள்வியின் ஒரு பகுதிக்கு அழகான விடை ஒன்றும் இருக்கிறது. இரண்டு வரிதான். சொல்லட்டுமா?"

வெளியே யாரோ அவசரமாக ஓடும் சத்தம் கேட்டது.

"இப்போது வேண்டாம்" என்றாள் ஆதிரை.

"ஏன்?"

"கொஞ்ச நாளைக்கு எனக்கு இது தெரியாமல் இருக்க வேண்டும்."

பிரிங்க்ஹோஃப் ஹெல்விக்கையும் க்ரேமரையும் மாறிமாறிப் பார்த்தார். ஹெல்விக் தலையசைத்தார். க்ரேமர் தன் முன்னால் இருந்த தாளில் அவளுடைய பெயரை எழுதி, கீழே ஒரு கோடு இழுத்தார். வியாழக்கிழமைகளில் இரண்டு பாடவேளை வேதியியலும் ஜெர்மன் கட்டுரையும் இனி உனக்குத் தவறும், மாநிலத் தேர்வில் அதற்காக ஒருவரும் கருணை காட்டமாட்டார்கள், தெரியுமா என்று கேட்டார். தெரியும், வெள்ளிக்கிழமை மதியங்களில் படித்துவிடுவேன் என்றாள் ஆதிரை. அப்படியானால் இந்த வியாழக்கிழமையே தொடங்கு என்றார் க்ரேமர்.

ஹெல்விக் மழைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். வாராவாரம் உன் பக்கத்தில் இருந்துகொண்டு அந்த இரண்டு வரியைச் சொல்லாமல் இருப்பது எனக்குப் பெரும்பாடாக இருக்கப்போகிறது என்றார்.

"பழகிவிடும்" என்றாள் ஆதிரை.